ஆற்றில் நீர்வரத்து அதிகம், டாக்டர் நிறுத்தம்

என் மாமியார் ரஹமத் பீவிக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்பது எனக்குப் பெருநாள் அன்றுதான் தெரிந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு இண்டூரில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சிலிண்டர அடுப்படியில வெச்சிருங்க தம்பி" என்றார். கண் நன்றாகத் தெரிந்த காலத்திலும் அவர் என்னை அதைவிடப் பெரிதாக மதித்ததில்லை. அதனால் ஒரு நிமிடம், சிலிண்டரை எங்கே விட்டுவிட்டு வந்தேன் என்றுதான் யோசித்தேன்.

இடது கண்ணும் அரைகுறை. அறுவை சிகிச்சை என்றாலே, "கண்ணக் கிழிக்கவா?" என்று கதவைச் சாத்திக்கொள்வார். என் மனைவி உஸ்மா நான்கு மாதம் கெஞ்சி, அழுது, இரண்டு நாள் பேசாமல் இருந்து சம்மதிக்க வைத்தாள். அரசு மருத்துவமனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமை, சேலத்திலிருந்து கண் டாக்டர் வருவார். அவர் பார்த்துப் பட்டியலில் பெயர் ஏற்றினால் அடுத்த வாரமே அறுவை சிகிச்சை. மதியம் ஒரு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். பொம்மிடியில் அவருக்கு ரயில் இருக்கிறது.

"ஒருவாட்டி வர்றேன். இந்தத் தடவ ஏதாச்சும் தடங்கல்னா மறுபடி என்னக் கூப்புடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் மாமியார் கிளம்பினார். உஸ்மா வேலை பார்க்கும் பள்ளியில் அன்று ஆய்வு. துணைக்குப் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் போனார்.

தடங்கல் நான்தான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. எனக்கும்.

நான் ஒகேனக்கல்லில் பரிசல் டிக்கெட் கவுண்டரில் கணினி இயக்குபவன். ஒப்பந்த வேலை. பெயர் முதசிர், பரிசல்காரர்களுக்கு 'கம்ப்யூட்டர் பாய்'. எம்.சி.ஏ. படித்திருக்கிறேன் என்று அவர்களிடம் ஒருமுறை சொன்னேன். "இருக்கட்டும், நீச்சல் தெரியுமா?" என்றார்கள். தெரியாது. அத்தோடு என் படிப்பைப் பற்றிய பேச்சு முடிந்தது.

அங்கே எந்தப் பரிசல் முதலில், எது அடுத்தது என்று தினமும் சண்டை. அதைத் தீர்க்க ஒரு மென்பொருள் எழுதினேன். எழுதினேன் என்றால் தட்டினேன். சட்டமெல்லாம் சொன்னது சவுரியப்பன் அண்ணன். முப்பது வருடமாகத் துடுப்புப் போடுகிறவர். அதுவரை முறைக்கணக்கு முழுக்க அவர் தலைக்குள்தான் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, வறுத்த மீனைப் பிய்த்துத் தின்றுகொண்டே சொன்னார். அந்த விசைப்பலகையில் இன்றும் சில எழுத்துகளை அழுத்தினால் கட்லா வாசம் வரும்.

அவர் சொன்னதில் இரண்டு சட்டங்கள் முக்கியம். ஆற்றில் தண்ணீர் அளவைத் தாண்டினால் எல்லாம் நின்றுவிட வேண்டும். "யாரு சொன்னாலும் ஓடக் கூடாது. ஆபீசரு சொன்னாலும், நீ சொன்னாலும், நானே குடிச்சிட்டு வந்து சொன்னாலும்." அளவு தெரியாவிட்டாலும் ஓடக் கூடாது.

இன்னொன்று, முறை வரும்போது ஆள் பரிசல் துறையில் இல்லாவிட்டால் முறை போய்விடாது. "சாவுக்குப் போயிருப்பான். புள்ளைக்குக் காச்சலா இருக்கும். அடுத்தவன அனுப்பு, வேணாங்கல. ஆனா ஒவ்வொரு பரிசலு போனதும் இவன் பேர ஒருவாட்டி கூப்புடு. வர்ற வரைக்கும் கூப்புடு."

"வரவே இல்லன்னா அண்ணே?"

"கூப்புட்டா வருவான்."

எந்த வரி எதற்கு என்று மறந்துவிடும் என்பதால் நிரலின் நடுநடுவே தமிழில் குறிப்புகள் எழுதி வைத்தேன். கணினி அவற்றைப் படிக்காது, மனிதர் படிப்பதற்காக. மனிதர் என்றால் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதனால் குறிப்புகளில் கொஞ்சம் மனம்விட்டுப் பேசியிருந்தேன்.

போன வருடக் கடைசியில் மாவட்டத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஒரு அலுவலகம் எழுதி வைத்திருக்கும் மென்பொருளை இன்னொரு அலுவலகம் மறுபடி எழுத வேண்டாம். நிரலைத் திறந்து பொதுவில் வையுங்கள். வேண்டியவர்கள் எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளட்டும், மாற்றியதைத் திருப்பியும் தரட்டும் என்றார்கள். அறையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு ஸ்டேப்ளர்கூடக் கொடுக்காது. "யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்டபோது நான் கை தூக்கினேன். பொதுநலம் இல்லை, சமோசாத் தட்டு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் போன் செய்தார்.

"சார், காவியா பேசறேங்க, ஆஸ்பத்திரியில இருந்து. டோக்கன் போடறதுக்கு உங்க பரிசல எடுத்துக்கிட்டேங்க."

எந்த மருத்துவமனை என்று சொல்லமாட்டேன். அங்கே எனக்கு இன்னும் காரியம் இருக்கிறது. ஒரு கம்பெனி ஒரு வருடமாக விலைப்பட்டியல் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்ததாம். காவியா மூன்றே நாளில் முடித்துவிட்டார்.

"பரிசல்னு இருந்த எடத்துலல்லாம் டாக்டர்னு மாத்திட்டேங்க. பயணிகள நோயாளிகள் ஆக்கிட்டேன். துறைய அறை ஆக்கிட்டேன். வேற எதையும் தொடலீங்க. அருமையா ஓடுது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் நிரல் நோயாளிகளுக்கு உதவுகிறது என்று உறவினர் எல்லாருக்கும் சொன்னேன். மாமியாரிடமும் சொன்னேன். "ஓஹோ" என்றார்.

ஜூலையில் கர்நாடகத்தில் அணைகளைத் திறந்தார்கள். அந்த வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு நீர்வரத்து அளவு வந்தது. வழக்கம்போல என் கணினியில் தட்டினேன். அறிவிப்புப் பலகை சிவப்பானது, டிக்கெட் நின்றது. பெங்களூரிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்த ஒருவர், "நீரு ஜாஸ்தியா சார்?" என்று கேட்டுவிட்டு, அணையைத் திறந்துவிட்டவன் நானே என்பதுபோல முறைத்தார்.

பத்து இருபதுக்கு மாமியார் போன் செய்தார்.

"மாப்ள, ஆத்துல தண்ணி அதிகங்களா?"

"ஆமாங்க மாமி. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்க ஆஸ்பத்திரியில போட்டிருக்காம். கண்ணம்மா படிக்குது."

கண்ணம்மாள் போனை வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "ஆற்றில் நீர்வரத்து அதிகம். டாக்டர் இயக்கம் நிறுத்தப்பட்டுள்ளது. நோயாளிகள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி ஒப்படைத்துவிட்டுக் கரைக்குத் திரும்பவும்." பிறகு கேட்டார்: "ஏங்க தம்பி, எங்களுக்கு யாரும் ஜாக்கெட்டே குடுக்கலீங்களே. எதக் கழட்டிக் குடுக்கறது?"

எங்கே தப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு முகவரிக்குப் போய் 'தண்ணீர் எவ்வளவு?' என்று கேட்கும். அந்த முகவரி என் மேசை மேல் இருக்கும் கணினி. பொதுவில் வைக்கும்போது அதை எடுக்க மறந்திருக்கிறேன். பிப்ரவரியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த மருத்துவமனை என்னிடம் காவிரியின் நலம் விசாரித்திருக்கிறது. ஆறு சாதுவாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. இன்று ஆறு பொங்கியது. நான் என் விரலால் தட்டி, கண் டாக்டரை நிறுத்திவிட்டேன்.

"எத்தனாவது நம்பருங்க?"

"நம்முளுது முப்பத்தி ஒண்ணு. இருபத்தி நாலோட நின்னுபோச்சு."

மாமியார் போனைத் திரும்ப வாங்கினார். "விடுங்க மாப்ள. அல்லாவுக்கே இஷ்டமில்லன்னு தெரியுது. நாங்க வூட்டுக்குப் போறோம்." அவர் குரலில் அத்தனை நிம்மதி. நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன். அவர் போன் பையின் அடியில், துணிகளுக்குக் கீழே, டிபன் டப்பாவுக்கும் கீழே இருக்கும். எப்போதும் அங்கேதான் இருக்கும்.

சவுரியப்பன் அண்ணன் கவுண்டர் ஜன்னலில் சாய்ந்து நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, அஞ்சே நிமிஷம், தண்ணி கம்மின்னு போட்டுட்டா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பெங்களூர்ப் பிள்ளைகள் இரண்டும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற மறுத்து மண்ணில் உட்கார்ந்திருந்தன. அவற்றைப் பார்த்தார்.

"போடேன். போர்டு பச்சையாவும். டிக்கெட்டு குடுத்துத்தான் ஆவணும். மொதப் பரிசல்ல நீ ஏறிக்க. உம் மாமியாரையும் கூப்ட்டுக்க. அவங்களுக்குக் கண்ணு தெரியாது, பயப்பட மாட்டாங்க."

விரலை எடுத்துவிட்டேன். கணினியையே அணைத்துவிடலாமா என்றும் யோசித்தேன். அதற்கும் அவர் சட்டம் இருந்தது: அளவு தெரியாவிட்டால் ஓடக் கூடாது. எல்லாக் கதவையும் நானே சாத்தி, நானே பூட்டியிருந்தேன்.

அலுவலகப் போனில் காவியாவைப் பிடிக்கப் பதினோரு மணி ஆகிவிட்டது. பின்னால் சந்தைக்கடைச் சத்தம்.

"சார், நானும் உங்களுக்குத்தான் அடிச்சிட்டே இருக்கேங்க. டாக்டர் வந்து, எந்த ஆறும்மாங்கறாரு. நம்மூருல ஆறே இல்லைங்களே."

"பழைய நோட்டுல எழுதிப் பாக்க முடியாதுங்களா?"

"லிஸ்டு கம்ப்யூட்டர்ல இருந்து வந்தாத்தான் ஆபரேசனுக்கு எடுப்பாங்களாம். நோட்ட நாங்கதான் சந்தோசமாப் பரண் மேல ஏத்துனோம்."

தப்பு என்னுடையது என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஒப்பந்தப் புதுப்பிப்புக் கோப்பு அந்த வாரம்தான் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் முப்பத்தி ஒன்றாம் எண் என் மாமியாருடையது, அவருக்கு முன்னும் பின்னும் நின்றவர்களும் யாரோ ஒருவருடைய மாமியார்.

"புரோகிராம் உங்ககிட்டதாங்க இருக்கு. தொறந்து, ஆத்துப் பகுதிய மட்டும் எடுத்துருங்க."

"நான் கை வெக்கலாங்களா? பேர மாத்துனதோட சரி, உள்ள தொட்டதே இல்லீங்க."

"கை வெக்கத்தாங்க பொதுவுல வெச்சது."

"சரிங்க. ரெண்டு கையும் வேணும். ஸ்பீக்கர்ல போடறேன், சொல்லுங்க."

ஸ்பீக்கர் என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எத்தனையாவது வரி என்பது எனக்கு நினைவில்லை. அவர் என் குறிப்புகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்.

"'இது ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியாது. தொட்டா நிக்கும்.' இதுங்களா?"

"இல்லீங்க. கீழ போங்க."

"'இங்க ஒரு தப்பு இருக்கு. பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம்.' எந்தப் பொங்கலுங்க சார்?"

"இன்னும் கீழங்க."

"'இந்தப் பகுதி என் மாமியார் மாதிரி. திடீர்னு நிறுத்தும். ஏன்னு கேக்கக் கூடாது.'"

சந்தைக்கடைச் சத்தம் சட்டென்று அடங்கியது.

"அதுதாங்க" என்றேன்.

முதலில் ஒரே ஒருவர் சிரித்தார். அது டாக்டர் என்று பின்னால் தெரிந்தது. அப்புறம் வராந்தா முழுக்கச் சிரித்தது. கண் தெரியாத நாற்பது பேர் என்னைத் தெளிவாகப் பார்த்துவிட்டார்கள்.

காவியா நிதானமானவர். அந்தப் பகுதியை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வரிக்கு இரண்டு முறை கேட்டு, பதினோரு வரிகளை முடக்கினார். முதல் தடவை எதுவுமே வரவில்லை. ஒரு அடைப்புக்குறியும் கூடவே போய்விட்டது, திரும்பப் போட்டார். பதினொன்று நாற்பதுக்கு, "ஓடுதுங்க சார். இருபத்தஞ்சு உள்ள போயிட்டாரு" என்றார்.

"முப்பத்தி ஒண்ணு வந்தா எனக்குச் சொல்லுங்க. அவங்க என் மாமியாருங்க."

"அந்த மாமியாருங்களா?"

"எனக்கு ஒருத்தருதாங்க."

ஆனால் அந்த ஒருவர் பேருந்தில் இருந்தார். பன்னிரண்டு முறை அடித்தேன். பன்னிரண்டு பத்துக்குக் கண்ணம்மாள் எடுத்தார்.

"பஸ்ஸு கெடைக்கவே நேரமாயிடுச்சு, இப்பத்தான் இண்டூருல எறங்குனோங்க தம்பி. டிபன எடுக்கலாம்னு பையத் தொறந்தா போனு கத்துது."

மாமியார் வாங்கினார். "என்னாங்க மாப்ள, தண்ணி வடிஞ்சிடுச்சா?"

எதிரே காவிரி செம்மண் நிறத்தில் பாறைகளை விழுங்கிக்கொண்டு போனது. "வடிஞ்சிடுச்சுங்க மாமி" என்றேன். கணினியிடம் சொல்லத் துணியாத பொய்யை மாமியாரிடம் சொன்னேன். கணினி நம்பியிருக்கும்.

"அதுக்குள்ளவா? சரி, எங்க மொறை எப்பவோ தாண்டியிருக்கும். இப்பப் போனா கடைசியில நிக்க வெப்பாங்க. டாக்டரு ரயிலுக்குப் போயிருவாரு. நாந்தான் சொன்னனே, ஒருவாட்டிதான்னு."

அந்த நேரம் பார்த்து அலுவலகப் போனில் காவியா.

"சார், இன்னொரு தப்பு இருக்குங்க. முப்பத்தி ஒண்ணு ஆளில்லன்னு அடுத்தவங்கள அனுப்புனேன். ஒவ்வொருத்தரும் வெளிய வந்ததும் உங்க மாமியார் பேரையே மறுபடி மறுபடி கூப்புடுது. இதையும் எடுத்துரட்டுங்களா?"

"எடுக்காதீங்க" என்றேன். நான் கத்தியிருக்க வேண்டும்; பெங்களூர்க்காரர் திரும்பிப் பார்த்தார். "அது தப்பில்லீங்க. அது சவுரியப்பன் அண்ணன்."

காவியாவுக்குப் புரிந்திருக்காது. விளக்க நேரமில்லை. அலுவலகப் போனை என் கைப்பேசியோடு வாய்க்குக் காது வைத்து ஒட்டிப் பிடித்தேன். சிறிது நேரம் வெறும் இரைச்சல். ஒரு கதவு திறந்து மூடியது. பிறகு டோக்கன் கூப்பிடும் இயந்திரக் குரல், தூரத்திலிருந்து, அவசரமே இல்லாமல்:

"ரஹமத் பீவி. அறைக்கு வாங்க."

இன்னொருவர் உள்ளே போய், வெளியே வரும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.

"ரஹமத் பீவி. அறைக்கு வாங்க."

"இன்னும் கூப்புடுதே" என்றார் மாமியார். குரல் மாறியிருந்தது.

"நீங்க வர்ற வரைக்கும் கூப்புடுங்க மாமி."

"நான் வரலன்னா?"

"அதுக்கு அது தெரியாதுங்க. கூப்ட்டுட்டே இருக்கும்."

போனை மூடாமலே அவர் சொன்னது கேட்டது. "கண்ணம்மா, அந்தா வர்ற பஸ்ஸக் கை காட்டு. ஆளு அங்க நம்ம பேரச் சொல்லிட்டே கெடக்குது, பாவம்."

அதற்குப் பின் நடந்ததைக் காவியா சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு முறை அந்தப் பெயர் வந்தபோதும் வரிசையில் நின்றவர்கள் முதலில் சலித்துக்கொண்டார்களாம். அப்புறம் வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்களாம். கடைசியில் ஒரு பெரியவர், இயந்திரத்துக்கு முன்னால் தானே கூப்பிட்டிருக்கிறார். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் பையின் ஜிப்பை இழுத்தார். இயந்திரம் இன்னொரு முறை கூப்பிட்டது. வராந்தாவின் கோடியிலிருந்து, "வந்துட்டேன், வந்துட்டேன், எத்தன வாட்டி கூப்புடுவ" என்று அதட்டல் கேட்டதாம்.

டாக்டர் ஜிப்பைத் திறந்தார். பெயர் ஏறியது. ரயிலையும் அவர் பிடித்துவிட்டார்.

கண்ணம்மாள் போனில் "செவ்வாக்கிழமை ஆபரேசனுங்க தம்பி" என்று சொன்னதும் கவுண்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சவுரியப்பன் அண்ணன் ஜன்னல் வழியாக இலையில் ஒரு துண்டு மீனை நீட்டினார்.

"கூப்புட்டா வருவாங்கன்னு சொன்னனா இல்லியா?"

"நீங்க பரிசல்காரனுக்குச் சொன்னீங்க அண்ணே."

"எல்லாரும் ஒண்ணுதான். முள்ளப் பாத்துத் தின்னு."

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை இண்டூருக்குப் போனேன். மாமியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தார். "வாங்க மாப்ள" என்றார். சிலிண்டர் பேச்சு இல்லை. "என்னாங்க இது, முடி இவ்ளோ கொட்டிப்போச்சு? உஸ்மா சொல்லவே இல்ல" என்று வருத்தப்பட்டு, தட்டில் இரண்டு கறித்துண்டு கூடப் போட்டார். அவர் போட்டது தட்டில்தான் விழுந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காவியாவிடமிருந்து திருத்தம் வந்தது. எடுத்ததைச் சரிசெய்து திருப்பித் தர வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னதை மாவட்டத்தில் செய்த முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். தண்ணீர் அளவு கேட்கும் பகுதியைத் தனியாகப் பிரித்து, வேண்டியவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தார். பக்கத்தில் 'ஆறு இல்லாத ஊர்களுக்காக' என்று எழுதியிருந்தார். திரும்பத் திரும்பக் கூப்பிடும் பகுதியில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. மேலே 'சவுரியப்பன் அண்ணன் சட்டம், எடுக்காதீங்க' என்று குறிப்பு மட்டும் சேர்த்திருந்தார். அந்தக் குறிப்பை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "அண்ணன்னு போட்டிருக்குதா அந்தப் பொண்ணு?" என்று இரண்டு முறை கேட்டார்.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். மாமியாரைப் பற்றிய என் வரி நீக்கப்பட்டிருந்தது. ஏன் நீக்கினோம் என்று எழுத வேண்டிய கட்டத்தில் காவியா இப்படி எழுதியிருந்தார்: 'இனிமேல் அவங்களுக்குக் கண் நல்லாத் தெரியும்.'

மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டேன்.